மலட்டுத் துவரை பிறந்த கதை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் தொழில் வேர்பிடித்ததற்குக் காரணம் கேட்டால் ஆற்றுத் தண்ணீரைச் சொல்வார்கள், சென்னைக்குப் போகும் ரயிலைச் சொல்வார்கள், தலைமுறை தலைமுறையாகத் தோல் வியாபாரம் பார்த்த குடும்பங்களைச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆவாரஞ்செடியை மட்டும் மறந்துவிடுவார்கள். குரோம் உப்பு வருவதற்கு முன் தென்னிந்தியத் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டைதான். பட்டையை இடித்து ஊறவைத்த தொட்டியில் தோலைப் போட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுத்தால் வெளிர் நிறத்தில் மிருதுவான தோல் கிடைக்கும். கடுக்காய் சேராவிட்டால் வெளிச்சம் பட்டுச் சிவந்துபோகும். ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் கப்பலேறிய அந்தச் சரக்குக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது.

ஆவாரம்பட்டை போதாமல் போனபோது வாட்டில் பட்டை வந்தது. வட இந்தியத் தோல் மண்டிகளில் கருவேலம்பட்டை. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து டிவி-டிவி என்ற மரத்தின் காயும் இந்தத் தொழிலுக்கு வந்தது. கடுக்காயை விட்டுவிட்டால், இவை அத்தனையும் அவரைக் குடும்பம். பட்டை மாறியது, குடும்பம் மாறவில்லை. இதைத் தோல்காரர்கள் யாரும் யோசித்துச் செய்யவில்லை. துவர்ப்புச் சத்து எங்கே மிகுதியோ அங்கே போனார்கள், அவ்வளவுதான்.

இந்த மண்டலத்துக்குச் சோறுபோட்டதிலும் அதே குடும்பத்துக்குப் பங்கு உண்டு. ஜவ்வாது மலை, ஏலகிரி அடிவாரங்களில், திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மானாவாரியில் நிலக்கடலை விதைக்கும்போது ஏழெட்டுச் சாலுக்கு ஒரு சால் துவரை விடுவது பழைய வழக்கம். கடலையை எடுத்த பிறகும் துவரை நிற்கும், பனிக்காலத்தில் பூக்கும், தை மாசி வாக்கில் காய் முற்றும். பருப்பு வீட்டுக்கு, மிஞ்சினது சந்தைக்கு, குச்சி அடுப்புக்கு. ஆம்பூர்க் கல்யாண வீட்டில் தால்ச்சா கொதிக்க வேண்டுமானால் துவரம்பருப்பு வேண்டும்.

ஆற்றை ஒட்டிய நிலத்தின் கதை வேறு. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. தோல் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்பது அது. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு கழிவுநீரோடு இறங்கி நிலத்தடி நீர்வரை போய்விட்டது. துவரை உப்பைத் தாங்கும் பயிரன்று. ஆகவே அதன் இடம் இன்னும் மேட்டுக்காட்டில்தான், மழையை நம்பி.

மேட்டுக்காட்டுத் துவரையின் சிக்கல் இந்தியா முழுக்க ஒன்றுதான்: விளைச்சல் ஏறவே இல்லை. நெல்லும் கோதுமையும் இரண்டு மூன்று மடங்கு ஆன பல பத்தாண்டுகளில் துவரை ஹெக்டேருக்கு எழுநூறு, எண்ணூறு கிலோ என்ற அளவிலேயே நின்றது. 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது அடுப்படி வரைக்கும் இந்தச் செய்தி வந்துசேர்ந்தது. மறு ஆண்டே மொசாம்பிக்கோடு பருப்பு வாங்க ஒப்பந்தம் போட்டது மத்திய அரசு. உலகத்தில் அதிகமாகத் துவரை விளைவிக்கும் நாடு, அதிகமாகத் தின்பதும் அதுவே. மியான்மரும் கிழக்கு ஆப்பிரிக்காவும் இல்லாமல் சாம்பார் இல்லை என்றாகிவிட்டது.

சோளத்திலும் கம்பிலும் பருத்தியிலும் விளைச்சலைத் தூக்கியது வீரிய ஒட்டு. இரண்டு வேறு வரிசைகளைச் சேர்த்துப் பிறக்கும் முதல் தலைமுறை, அப்பன் ஆத்தாள் இரண்டு பேரையும் விடத் தெம்பாக இருக்கும். பயறுவகையில் அது ஏன் நடக்கவில்லை? பூவின் அமைப்பு அப்படி. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவுக்குள், இதழ்கள் மூடிய அறைக்குள் இருக்கின்றன. பூ விரியும் முன்பே பெரும்பாலும் தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்துவிடும். மொட்டைப் பிரித்து மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்து வேறு மகரந்தம் வைக்கலாம். ஆராய்ச்சிக்கு ஆகும், ஏக்கர் கணக்கில் விதைக்க ஆகாது. துவரையில் ஒரு நல்ல விஷயம், தேனீக்கள் அதைத் தேடி வரும். மற்ற பயறுகளைவிட அயல்மகரந்தச் சேர்க்கை இதில் கூடுதல். பக்கத்துக் கொல்லைத் துவரையோடு கலந்து ரகம் கெட்டுப்போகிறது என்று உழவர்கள் குறைப்படுவதும் இதனால்தான். அந்தக் குறையே ஒரு கதவு. மகரந்தம் இல்லாத ஒரு துவரைச்செடி மட்டும் கிடைத்தால் போதும், மற்ற வேலையைத் தேனீ பார்த்துக்கொள்ளும்.

அந்த மலட்டுச் செடியைத் தேடிய கதை பட்டன்சேருவில் தொடங்குகிறது. ஹைதராபாத்துக்கு வெளியே 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் என்ற பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் வறண்ட நிலப் பயிர்களுக்கானது. உலகமெங்குமிருந்து துவரை விதைகளைத் திரட்டி வயலில் விட்டு, ஒவ்வொரு செடியின் பூவையும் பிரித்துப் பார்த்தார்கள். மகரந்தப்பை மஞ்சளாக இல்லாமல் வெளிறிக் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் செடிகள் சில அகப்பட்டன. 1978-ல் அதை அறிவித்தார்கள். அதை அடிப்படையாக வைத்து 1991-ல் வெளிவந்த ஐ.சி.பி.எச். 8 தான் உலகத்தில் எந்தப் பருப்புப் பயிரிலும் வணிகத்துக்கு வந்த முதல் வீரிய ஒட்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் 1994-ல் ஒன்று, 1997-ல் இன்னொன்று என்று துவரை ஒட்டுகளை வெளியிட்டது. பஞ்சாபிலும் அகோலாவிலும் அதே காலத்தில் சில வந்தன.

ஒன்றும் நிலைக்கவில்லை. காரணம் எளிது. அந்த மலட்டுத்தன்மை செல்லின் உட்கருவிலுள்ள ஒரு மரபணுவால் வந்தது. அப்பன், ஆத்தாள் இருவர் வழியாகவும் இறங்கும் மரபணு அது. ஆகவே விதைப்பண்ணையில் பெண் வரிசை என்று விதைத்தால் முளைப்பதில் பாதி மலடு, பாதி மகரந்தமுள்ளது. எது எது என்று பூக்கும்வரை தெரியாது. மொட்டுவிடும் நாட்களில் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொரு செடியிலும் ஒரு மொட்டைப் பிரித்து, மகரந்தப்பை மஞ்சளாக இருந்தால் செடியைப் பிடுங்கிப் போட வேண்டும். ஒரு செடி தப்பினாலும் விதை கெட்டது. பிடுங்குவதில் பாதிப் பயிர் போயிற்று, கூலியில் மீதிப் பணம் போயிற்று. விதைக் கம்பெனிகள் கைவிட்டதில் வியப்பில்லை. பிறந்த கதைகளில் இப்படி ஒரு தலைச்சன் வழக்கமாக இருக்கும். பெயர் மட்டும் வரலாற்றில் நிற்கும், வயலில் நிற்காது.

தேவைப்பட்டது வேறொரு மலடு: ஆத்தாள் வழியாக மட்டுமே இறங்குவது, பிறக்கும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தப்பாமல் வருவது. அப்படி ஒன்று செல்லுக்குள் இருக்கிறது. உட்கருவில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில்.

மைட்டோகாண்ட்ரியா செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் உறுப்பு என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அதன் பூர்வீகம் ஒரு பாக்டீரியா. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன் இன்னொரு செல்லுக்குள் குடிபுகுந்து அங்கேயே தங்கிவிட்டது. இந்தக் கருத்தை 1967-ல் லின் மார்குலிஸ் வலுவாக முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை; இன்று மறுப்பவர் இல்லை. அது வந்த பாக்டீரியாக் கூட்டத்துக்கு ஆல்பாபுரோட்டியோபாக்டீரியா என்று பெயர். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சில் குடியிருந்து காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் இருக்கிறதே, அதுவும் இதே கூட்டம்தான். ஒரு துவரைச்செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முடிச்சில் நேற்று வந்த விருந்தாளி, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் யுகயுகமாகத் தங்கிவிட்ட அவன் பங்காளி. எனக்கு இந்தக் குடும்பத்தில் பிடித்த விஷயமே இதுதான்.

பாக்டீரியாவாக இருந்த காலத்து டி.என்.ஏ.வில் ஒரு பகுதியை மைட்டோகாண்ட்ரியா இன்னும் வைத்திருக்கிறது. அது பெரும்பாலான செடிகளில் சூல்முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். மகரந்தம் வழியாகப் போகாது. இதில்தான் சூது. மகரந்தம் செத்தாலும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு நட்டமில்லை, தான் போகும் பாதை விதைதான். மகரந்தத்துக்குச் செலவாகும் சத்து விதைக்குத் திரும்பினால் லாபம்கூட. தைம் போன்ற சில செடிகளில் பெண் பூ மட்டும் உள்ளவை கூடுதலாக விதை கட்டுவதை டார்வின் 1877-ல் வெளியான பூக்களைப் பற்றிய நூலில் எழுதிவைத்தார். ஏன் என்று அவர் காலத்தில் தெரியாது. ஆத்தாள் வழிப் பொருள் செடியின் ஆண்பாதியைக் காவு கொடுக்கிறது. உட்கரு அதை அடக்க எதிர்மரபணுக்களை வளர்க்கிறது. காட்டில் இந்த இழுபறி ஓயாமல் நடப்பதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. காட்டு இனத்தின் மைட்டோகாண்ட்ரியாவை வேறொரு இனத்தின் உட்கருவோடு சேர்த்தால் மட்டும் அடக்குவார் இல்லாமல் போய், மலடு வெளிப்பட்டுவிடும். 1970-ல் சீனாவின் ஹைனான் தீவில் கண்டெடுத்த ஒரு காட்டு நெல்லில் யுவான் லாங்பிங் குழுவுக்குக் கிடைத்தது இதுதான். வீரிய ஒட்டு நெல் அதிலிருந்து பிறந்தது.

துவரைக்கும் காட்டுச் சொந்தங்கள் உண்டு. ஒடிசா, பஸ்தர், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற செடிதான் வீட்டுத் துவரையின் முன்னோர் என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. ஒடிசாவின் பழைய குடியிருப்பு மேடுகளில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட துவரை கரிந்த நிலையில் கிடைத்திருக்கிறது. வான் டெர் மேசன் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1986-ல் அதுவரை தனிப் பேரினமாக வைத்திருந்த அடைலோசியா செடிகளையும் துவரையோடு ஒரே பேரினத்தில் சேர்த்தார். பெயர் மாற்றம் என்று தோன்றும். ஒட்டு கட்டுபவர்களுக்கு அது உறவுமுறைப் பட்டியல், யாரோடு யாரைச் சேர்க்கலாம் என்ற குறிப்பு.

கே.பி. சக்சேனாவும் உடனிருந்தவர்களும் இக்ரிசாட்டில் இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக இறங்கினார்கள். காட்டுச்செடியைத் தாயாக வைத்து வீட்டுத் துவரை மகரந்தத்தைத் தூவுவது, கிடைத்த பிள்ளையை மறுபடி தாயாக வைத்து மறுபடி வீட்டுத் துவரை மகரந்தம், மறுபடி அதே. ஏழெட்டுத் தலைமுறை இப்படிப் போனால் உட்கரு முழுக்க வீட்டுத் துவரையாகிவிடும், மைட்டோகாண்ட்ரியா மட்டும் காட்டுச் செடியினுடையது. பார்த்தால் சாதாரணத் துவரை. பூ பூக்கும், மகரந்தம் வராது. எந்தக் காட்டுச்செடியிலிருந்து வந்தது என்பதை வைத்து ஏ1, ஏ2 என்று பெயர் கொடுத்தார்கள். குஜராத்தில் ஏ2 வழியில் 2004-ல் ஜி.டி.எச். 1 என்ற ஒட்டு வெளிவந்தது. கஜானிஃபோலியஸின் ஏ4 பற்றி 2005-ல் எழுதினார்கள். வெயில், குளிர் மாறினாலும் மலடு தளராமல் நின்றது. மகரந்தத்தை மீட்டுத் தரும் வரிசைகளும் அதற்கு நிறையக் கிடைத்தன. முன்னோரின் சொத்து என்பதால் பொருத்தம் நன்றாக அமைந்ததோ என்னவோ.

இனி வேலை சுலபம். மலட்டு வரிசை ஏ. அதே உட்கரு, ஆனால் நல்ல மைட்டோகாண்ட்ரியா உள்ள பி வரிசை. அதன் மகரந்தத்தை வைத்து ஏ வரிசையைப் பெருக்கலாம், பிறப்பதெல்லாம் மலடு, ஒன்றையும் பிடுங்க வேண்டாம். மூன்றாவது ஆர் வரிசை. அதன் உட்கருவில் அடக்கும் மரபணு இருக்கிறது. ஏ செடியும் ஆர் செடியும் சேர்ந்தால் பிறக்கும் விதையே உழவருக்குப் போகும் ஒட்டு. அதில் பூ நிறைய மகரந்தம், செடி நிறையக் காய். 2010-ல் மத்தியப் பிரதேசத்தில் வெளியிடப்பட்ட ஐ.சி.பி.எச். 2671 இப்படிப் பிறந்தது. தெலங்கானாவில் 2015-ல் ஐ.சி.பி.எச். 2740.

வயலில் வேலை நடந்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மலடு எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க ஏ4 மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை ஓர் எழுத்து விடாமல் படித்து, நல்ல மைட்டோகாண்ட்ரியாவோடு ஒப்பிட வேண்டும்.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் 16,569 எழுத்துகளைக் கேம்பிரிட்ஜில் 1981-லேயே படித்துவிட்டார்கள். செடிகள் அவ்வளவு சிக்கனமில்லை. மரபணுக்கள் ஐம்பது சொச்சம்தான் இருக்கும், நீளமோ லட்சக்கணக்கில். நடுவே பசுங்கணிகத்திலிருந்து தாவி வந்த துண்டுகள், உட்கருவிலிருந்து வந்தவை, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத வெற்று நீளங்கள். பசுங்கணிகத்திலும் உட்கருவிலும் இதே துண்டுகளின் நகல்கள் இருப்பதால், சின்னச் சின்னத் துண்டாகப் படித்துச் சேர்க்கும்போது எது எதனுடையது என்று குழம்பும். இருட்டில் முளைக்கவிட்டுப் பச்சையம் ஏறாத வெளிறிய நாற்றுகளிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிப்பது அதனால்தான். பசுங்கணிகம் குறைந்தால் தொல்லை குறையும்.

அவரைக் குடும்பத்தில் முதலில் முழுதாகப் படிக்கப்பட்டது பச்சைப்பயறு. ஆண்ட்ரூ ஆல்வர்சன் குழு 2011-ல் வெளியிட்டது. 4,01,262 எழுத்து. மற்றச் செடிகளில் உள்ள நீண்ட திரும்பல்கள், அதாவது ஒரே வாசகம் இரண்டு மூன்று இடத்தில் வருவது, பயறில் இல்லை. கடன் வாங்கிய துண்டுகளும் குறைவு. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் புங்க மரத்தைப் படித்தார்கள், பயோடீசலுக்காக: 4,25,718 எழுத்து. நம்மூர்க் கோயில் வாசலில் நிழல் தரும் புங்கம் அங்கே எண்ணெய் வித்து. புளியமரத்தில் கணக்கு ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது.

பச்சைப்பயற்றில் ஒரு விநோதம் உண்டு. மூச்சுவிடும் வேலைக்குத் தேவையான காக்ஸ்2 என்ற மரபணு அதன் மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை. 1991-ல் நியூஜென்ட், பாமர் இருவரும் பயறிலும் காராமணியிலும் தேடியபோது அது உட்கருவில் அகப்பட்டது. குடிபுகுந்த பாக்டீரியாவின் சொத்து வீட்டுக்காரன் பெயருக்கு மாறியிருந்தது. சோயா மொச்சையில் பத்திரம் இரண்டு பேரிடமும் இருக்கிறது. மாற்றம் எப்படி நடக்கிறது என்று கண்முன்னே பார்க்க இவ்வளவு நல்ல குடும்பம் வேறில்லை. நூறு கோடி ஆண்டுக்கும் முன் தொடங்கிய சொத்து மாற்றம் நம் பயற்றங்கொல்லையில் இன்னும் முடியவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை அதே பாமர் 1988-ல் முட்டைக்கோஸ் இனங்களில் காட்டியிருந்தார். செடிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் எழுத்துகள் மாறுவது மிக மெதுவாக. ஆனால் வாசகங்களின் வரிசை வேகமாக இடம் மாறிவிடும். முட்டைக்கோஸிலும் டர்னிப்பிலும் மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றே, அடுக்கு முற்றிலும் வேறு. ஆகவே மலட்டைத் தேடுபவர் எழுத்துப்பிழையைத் தேடிப் பயனில்லை. எங்கே வெட்டு விழுந்தது, எதோடு எது சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

துவரையின் உட்கரு 2011-ல் வாசிக்கப்பட்டுவிட்டது. ராஜீவ் வார்ஷ்ணே தலைமையில் இக்ரிசாட் குழு ஒருபுறம், டெல்லியில் நாகேந்திர சிங் குழு மறுபுறம். மைட்டோகாண்ட்ரியாவின் முறை 2013-ல் வந்தது. அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்திலிருந்த ரீது துதேஜாவை முதல் பெயராகக் கொண்ட கட்டுரையில் சக்சேனாவும் உண்டு, வார்ஷ்ணேயும் உண்டு, பச்சைப்பயற்றைப் படித்த ஆல்வர்சனும் உண்டு. நான்கு துவரைகளின் மைட்டோகாண்ட்ரியாவை எடுத்துக்கொண்டார்கள். மலட்டு வரிசை ஐ.சி.பி.ஏ. 2039, அதன் பி வரிசை ஐ.சி.பி.பி. 2039, ஒட்டு ஐ.சி.பி.எச். 2433, காட்டுச்செடி ஐ.சி.பி.டபிள்யூ. 29. அதாவது மலடி, அவளுடைய இரட்டை, அவள் பெற்ற பிள்ளை, அவர்களின் காட்டுப்பாட்டி. ஒப்பிட இதைவிடக் கச்சிதமான நால்வர் அமைய மாட்டார்கள்.

மலட்டு வரிசையில் 5,45,700 எழுத்து அளவில் ஒரு வட்டம் கிடைத்தது. வட்டம் என்பதை நம்பிவிடக்கூடாது. துண்டுகளைச் சேர்த்தால் கணக்கு வட்டமாக மூடுகிறது, உள்ளே உண்மையில் கிளைவிட்டும் நீண்டும் பலவிதமாக இருக்கக்கூடும். அதில் 51 மரபணு, புரதம் செய்பவை 34. மரபணுக்களில் பெரிய விசேஷமில்லை. விசேஷம் அவற்றுக்கு இடையே. மலடு உள்ள வரிசைக்கும் இல்லாத வரிசைக்கும் வேறுபட்ட 31 வாசகங்கள் தெரிந்தன. ஏ, பி இரட்டையரை மட்டும் ஒப்பிட்டதில் அவற்றில் 13 நின்றன. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வெட்டிப் போட்ட தோல் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டித் தைத்தால் ஒரு செருப்பு ஆகுமே, அப்படிப்பட்டவை இவை: இந்த மரபணுவில் ஒரு துண்டு, அந்த மரபணுவில் ஒரு துண்டு, நடுவே எங்கிருந்தோ ஒரு நீளம், சேர்ந்து படித்தால் ஒரு புதுப் புரதத்துக்கான கட்டளை. யாரும் எழுதாதது, வெட்டும் ஒட்டும் தற்செயலாகச் செய்தது.

இப்படித் தைக்கப்பட்ட ஒரு புரதம் மகரந்தத்தை மட்டும் ஏன் கொல்கிறது, இலையையும் வேரையும் ஏன் விட்டுவிடுகிறது என்பது நியாயமான கேள்வி. மகரந்தம் விளையும் பையின் உள்ளுறைச் செல்களில் அந்த நாட்களில் சக்தித் தேவை உச்சம். மக்காச்சோளத்தில் எண்ணிப் பார்த்தபோது அந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கை இருபது, நாற்பது மடங்கு பெருகியிருந்தது. மற்ற இடத்தில் சமாளித்துவிடக்கூடிய கோளாறு அங்கே சமாளிக்க முடியாததாகிவிடுகிறது. துவரையின் 13 சந்தேகத்துக்குரியவற்றில் குற்றவாளி எது என்று ஒரே கட்டுரையில் முடிவு சொல்லிவிட முடியாது. பட்டியல் சுருங்கியதே பெரிய காரியம்.

பயன் உடனே வந்தது வேறொரு மூலையில். 2015-ல் இக்ரிசாட் குழு நேட்7 என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் ஏ வரிசைக்கும் பி வரிசைக்கும் நடுவே 10 எழுத்து வேறுபாடு இருப்பதைப் பிடித்தது. பி விதை ஏ விதையோடு கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது, அவை உட்கருவில் இரட்டைகள். இப்போது முளைத்த நாற்றின் இலையில் கொஞ்சம் கிள்ளி அந்த இடத்தைப் பெருக்கிப் பார்த்தால் 10 எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். மொட்டுக்காகக் காத்திருந்த காலம் போயிற்று. எழுத்துகள் மெதுவாகத்தான் மாறும் என்ற உலகில் பத்து எழுத்து கிடைத்தது அதிர்ஷ்டம்.

இவ்வளவு சொன்னபின் ஒரு பயத்தையும் சொல்லியாக வேண்டும். மக்காச்சோளத்தில் டி என்ற தாய்வழி மலடு மிக வசதியாக இருந்ததால் 1970 வாக்கில் அமெரிக்க மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அந்த ஒரே மைட்டோகாண்ட்ரியாவைச் சுமந்தது. மலட்டை உண்டாக்கிய அதே ஒட்டுப் புரதம், ஒரு பூஞ்சையின் நஞ்சுக்கு வாசலையும் திறந்து வைத்திருந்தது. அந்த ஆண்டு இலைக்கருகல் நோயில் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது. நூறு கோடி டாலர் கணக்கில் நட்டம். அந்தப் புரதம் பல துண்டுகள் சேர்ந்து தைத்தது என்று கண்டுபிடித்ததே 1986-ல்தான், அடிபட்டுப் பதினாறு வருஷம் கழித்து.

துவரையில் ஏ1 முதல் ஏ8 வரை, பெரும்பாலும் காட்டுச்செடிகளிலிருந்து, எட்டு மலட்டு வழிகள் எடுத்திருக்கிறார்கள். விதைக் கடைக்குப் போன ஒட்டுகளில் பெரும்பாலானவை ஏ4-ஐச் சுமப்பவை. எட்டில் ஒன்றான ஏ7 வந்தது கஜானஸ் பிளாட்டிகார்ப்பஸ் என்ற செடியிலிருந்து. வீட்டுத் துவரை வாடிவிடும் உப்பு மண்ணையும் தாங்குவது அது என்று இக்ரிசாட்டில் முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது துவரையோடு லேசில் சேர்வதில்லை. கருவை விதையாவதற்கு முன்பே எடுத்து, ஆய்வகத்தில் சத்துக்கூழ் ஊட்டி வளர்க்க வேண்டியிருக்கிறது. பாலாற்றங்கரை உப்புக் கொல்லைக்கு ஒரு துவரை வரவேண்டுமானால் அந்தக் கூழ்க் கிண்ணத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.